நேற்றைய தூரம்

திருச்சியிலிருந்து சிட்னி எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தொரு கிலோமீட்டர். பழைய விமானங்கள் மாதிரி வளைந்து சுற்றிப் போகாமல், பூமி உருண்டைக்குள் நேராக ஒரு ஊசியைச் செருகினால் வருகிற கணக்கு இது. பயண நேரம் பத்தொன்பது நிமிஷம். மேலே எழும்ப ஏழு, அந்தப் பக்கம் இறங்கப் பன்னிரண்டு. நடுவில் கிடக்கிற எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒரு நொடிகூடக் கிடையாது. கீரனூர் தாண்டிப் பொட்டலில் இருக்கும் குறுவழி நிறுவனத்தின் வாசலில் இதை ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருச்சி டவுனிலிருந்து அந்த வாசலுக்கு வந்து சேர பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் ஆகும் என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த ஒன்றே கால் மணி நேரமும் மங்கையர்க்கரசி நின்றுகொண்டேதான் வந்தாள். உட்கார இடம் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. குறுவழியில் அவள் தூரக் கணிப்பாளர். வயது நாற்பத்து நான்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இரண்டு ஊருக்கும் இடையே அன்றைய தூரத்தை அளந்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இன்றைக்குக் காலைப் பயணம் ஒன்றே ஒன்று, பயணி ஒரே ஒருவர். நிறுவனத்தின் தலைவர் கோதண்டபாணி. மகளுக்கு வளைகாப்பு என்று சிட்னிக்குப் புறப்படுகிறார்.

அவர் போய்ச் சேரக் கூடாது. பதினோரு வருஷமாக அவளுக்கு வேறு நேர்த்திக்கடன் இல்லை.

*

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மங்கையர்க்கரசி தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் திருமாறனுக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு நாள் நெருங்கியதால் ஆறு வயது மகள் செம்மலரைக் கூட்டிக்கொண்டு அவன் முன்னால் போவது, பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டு இவள் அடுத்த வாரம் போவது என்று ஏற்பாடு.

"அம்மா, பத்தொன்பது நிமிஷம்னா எவ்ளோ நேரம்?" என்று கிளம்பும் முன் செம்மலர் கேட்டாள்.

"நீ ஒரு இட்லி தின்னு முடிக்கிற நேரம்டி."

அது பொய்யில்லை. ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும் பெண் அது.

அதுவும் வெள்ளிக்கிழமைதான். நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. விசாரணை மேஜையில் இருந்த பெண், "சற்றுத் தாமதம் மேடம்" என்றாள். மறுநாளும் சற்றுத் தாமதம். அதற்கு மறுநாளும் அதே வார்த்தை. ஒன்பது நாள், மனசாட்சி என்று ஒன்று இல்லாமல், அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஒன்பது நாளும் மங்கையர்க்கரசி அந்தக் கூடத்தில் நீல நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தாள். வீட்டுக்குப் போன நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று குளிக்கக்கூடப் போகவில்லை.

பத்தாம் நாள், பொய் சொல்லப் பழகாத ஒரு விஞ்ஞானி அவளை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துச் சொன்னான்.

"மேடம், சேலைக்குக் கொசுவம் வைப்பீங்கல்ல? ஆறு கெஜம் மடிஞ்சு ஒரு பிடிக்குள்ள அடங்கிடுதுல்ல? தூரத்தையும் அப்படித்தான் மடிக்கிறோம். ஆனா எவ்வளவு நீளத்தை மடிக்கிறோம்னு துல்லியமாத் தெரியணும். இந்தத் தரை இருக்கே, இது ஒரே இடத்துல நிக்கிறதில்லை. சந்திரன் இழுக்க இழுக்கக் கடல் பொங்கற மாதிரி தரையும் தினம் ஏறும், இறங்கும். அதனால ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம் நாளுக்கு நாள் மாறும். சில நாள் ஒரு முழத்துக்கு மேலயே மாறும்."

"ஒரு முழம் என்ன பெரிய தூரம்?"

"நிஜத் தூரத்தை விட அதிகமாப் போட்டுட்டா ஒண்ணுமில்லை, ஒரு குலுக்கலோட போயிடும். குறைச்சுப் போட்டுட்டாத்தான்..." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "குறைஞ்ச தூரத்தைக் காலம் ஈடுகட்டும் மேடம். ஒரு விரற்கடை குறைஞ்சா ஒரு வருஷம். அன்னைக்கு இருபத்தொன்பது விரற்கடை குறைஞ்சு போச்சு."

மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர் அல்லவா. அவன் முடிக்கும் முன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உயிரோட இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. உள்ளே அவங்களுக்கு ஒரு நொடிகூட ஆகலை. இருபத்தொன்பது வருஷம் கழிச்சு, இதே தேதி வாக்குல, சிட்னில இறங்குவாங்க. பாப்பாவுக்கு அப்பவும் ஆறு வயசுதான்."

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று. மகள் இறங்கி வரும்போது அறுபத்திரண்டு. பத்தொன்பது நிமிஷத்துக்கு முன் முத்தம் கொடுத்து அனுப்பிய அம்மாவைத் தேடிக்கொண்டு ஒரு குழந்தை வரும், நரைத்த கிழவி ஒருத்தி கையை நீட்டுவாள். அந்தக் குழந்தை பயந்து அப்பாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். செத்துப் போயிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இது அழவும் விடாத அநியாயம்.

"அன்னைக்கு ஏன் அளக்கலை?"

"முதல் நாள் அளவைப் போட்டு அனுப்பச் சொல்லிக் கையெழுத்து ஆயிருக்கு."

"யாரு கையெழுத்து? பேரைச் சொல்லுங்க."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதில் அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. தண்ணீர் வற்றிப்போன பாத்திரத்தைக் கரண்டியால் தட்டின சத்தம் மாதிரி இருந்தது. விஞ்ஞானி தலையைக் குனிந்துகொண்டான். பேரைச் சொல்லவில்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. அளவு எழுதும் குமாஸ்தா அருளானந்தம் என்பவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று தீர்ப்பாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊர்தியை ஓட்டிப் போன விமானியும் சேர்ந்துதான் தவறு செய்தார் என்று சொல்லி, இனிமேல் விமானியே வேண்டாம், ஊர்தி தானாக ஓடட்டும் என்றார்கள். ஆனால் அளவை மட்டும் இயந்திரத்தை நம்பி விடாமல் மனிதக் கண் பார்த்து மனிதக் கை எழுத வேண்டும், அன்றைய அளவை விட்டு வேறு அளவைப் போட்டால் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்று புது விதி போட்டார்கள். மங்கையர்க்கரசிக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்த விதிதான்.

கணக்குத் தெரிந்தவர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. கணவன் பெயரை விட்டுவிட்டு, அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு, அ. மங்கையர்க்கரசி என்று விண்ணப்பித்தாள். வேலை கிடைத்தது. மூன்றாம் வருஷம் பழைய பதிவேடுகளைப் புது அறைக்கு மாற்றும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. 'நேற்றைய அளவுடன் அனுப்பவும்.' கீழே கொக்கி போட்ட கையெழுத்து. அப்போதைய நிலைய இயக்குநர் கோதண்டபாணி. புறப்பட்ட நேரம் 10.32.

அன்றைக்கே கத்தியை எடுத்திருக்கலாம். சோற்றில் எதையாவது கலந்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், அதே கிணற்றுத் தண்ணீரை, அதே அளவு. வேறு எதுவும் அவளுக்கு நியாயமாகப் படவில்லை. எட்டு வருஷம் ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் நேற்றைய தூரத்துக்கும் இன்றைய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வந்தாள். கோதண்டபாணி இடையில் ஒன்பது முறை சிட்னி போனார். ஐந்து முறை கூடவே ஜனங்கள் இருந்தார்கள், அவர்களை என்ன பாவத்துக்குக் கெடுப்பது? நான்கு முறை தனியாகப் போனார், அந்த நாட்களில் நேற்றைய அளவு கூடுதலாக இருந்தது. அப்படிப் போனால் ஒரு குலுக்கலோடு பிழைத்துக்கொள்வார். மகராசனுக்கு நேரம் நன்றாக இருந்தது.

*

இன்று ஒன்பது இருபதுக்கு அவள் அளக்க ஆரம்பித்தாள். சிட்னியில் இருக்கும் கண்ணாடிக்கு ஒளி போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நாற்பது நிமிஷம் சரிபார்த்து ஒரு எண்ணைத் தரும். அந்த எண் ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். பத்து மணிக்கு எண் வந்தது. முற்றத்துக் கம்பத்தில் பச்சை விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைந்தது.

எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். பக்கத்தில் நேற்றைய எண்ணை எழுதிக் கழித்துப் பார்த்தாள். பதினேழே முக்கால் விரற்கடைக்கும் கொஞ்சம் அதிகமாக நேற்றைய எண் குறைந்திருந்தது. மறுபடி கழித்தாள். மூன்றாம் தடவையும் கழித்தாள். இன்றைக்கு நேற்றைய அளவைப் போட்டு ஒருவர் கிளம்பினால், செம்மலர் இறங்குகிற நாளுக்கு மூன்று நாள் முன்னதாக சிட்னியில் இறங்குவார்.

மூன்று நாள் முன்னதாகவே வரட்டும். வந்து சிட்னிக் கூடத்தில் உட்கார்ந்து கிடக்கட்டும். பிறகு என் பிள்ளை என்னைப் பார்த்து யார் என்று கேட்பதை அவர் கண்ணாலே பார்க்கட்டும் என்று நினைத்தபோது அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி மார்புவரை ஏறியது. அது சந்தோஷம்தான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக என்ன இருக்கிறது?

தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டாள். தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். தப்பான எண்ணை நான் கொடுக்க மாட்டேன். அளவு இன்னும் முடியவில்லை என்பேன். நேற்றைய அளவு ஆபத்து என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்வேன். காத்திருக்கிறேன் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இழுப்பறையைத் திறந்து சரியான தாளைக் கொடுத்துவிடுவேன்.

*

கோதண்டபாணி பத்தே காலுக்கு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். எழுபது வயது. நெற்றி நிறையக் குங்குமம். ஒரு கையில் வளையல் பெட்டி, மறுகையில் சமயபுரத்துப் பிரசாதம்.

"கோயில்ல கூட்டம்னா கூட்டம்மா. அப்புறம் பாலத்துல வேற லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு. கூடு தயாரா?"

கூடு என்பது ஒருவர் மட்டும் உட்காரும் சிறிய ஊர்தி. பெரிய அதிகாரிகளுக்கென்று இரண்டு வைத்திருக்கிறார்கள்.

"கூடு தயார் சார். அளவுதான் இன்னும் முடியலை. இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தஞ்சா? பத்து நாப்பது ஆயிடுமே! பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும்மா."

"ஆமா சார்."

"அப்புறம் பன்னெண்டு வரைக்கும் அசைய முடியாது. அங்க இப்பவே மூணு மணி ஆகப்போகுது, சாயந்திரம் சீர் எடுத்துவைக்க நல்ல நேரம் பாத்திருக்காங்க, நான் போய்த்தான் ஆரம்பிக்கணும். தாயில்லாப் பொண்ணும்மா." வளையல் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். "திருச்சி சின்னக்கடைத் தெருவுல வாங்கினதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அங்க இல்லாத வளையலா?"

மங்கையர்க்கரசி வளையல்களைப் பார்த்தாள். செம்மலருக்கும் சின்னக்கடைத் தெருவில்தான் வளையல் வாங்கினாள். இரண்டு கைக்கும் ஆறு ஆறு. இறங்கும்போது அந்த வளையல் போட்ட கையோடுதான் இறங்குவாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பாக்கியநாதன் வந்தான். கூட்டைப் பழுது பார்த்துக் கதவு பூட்டி அனுப்புகிற மெக்கானிக். நாற்பது வயதிருக்கும், ராகு கால விஷயத்தில் எல்லாரையும் கிண்டல் செய்கிற ஆள்.

"அக்கா, பச்சை விழுந்துடுச்சே, எண்ணைக் குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவன் தலைவரைப் பார்த்து நிறுத்தினான்.

கோதண்டபாணி திரும்பினார். "என்னய்யா? பச்சை விழுந்துடுச்சா?"

எட்டு வருஷத்து நோட்டு, பதினோரு வருஷத்துப் பசி, எல்லாம் இந்த மெக்கானிக்கின் வாயில் தொங்கியது. பாக்கியநாதன் அவளைப் பார்த்தான். மூடியிருந்த இழுப்பறையைப் பார்த்தான். அதன் கைப்பிடிமேல் அவள் கை இறுகியிருந்ததைப் பார்த்தான்.

"இல்லீங்க சார்," என்றான் நிதானமாக. "வெயில் கண்ணாடில பட்டுச்சு போல. எனக்குக் கண்ணு செக் பண்ணணும்."

"கண்ணு தெரியாத மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு நான் கம்பெனி நடத்துறேன்," என்று சிரித்தார் கோதண்டபாணி. பிறகு இவள் பக்கம் குனிந்தார். "நேத்து அளவு இருக்குல்ல? அதைப் போடும்மா."

வந்துவிட்டது. அவர் வாயாலேயே வந்துவிட்டது.

"நேத்து அளவு போட்டாத் தப்பாகலாம் சார். குறைஞ்சிருந்தா வருஷக் கணக்குல மாட்டிக்குவீங்க. விதிப்படி நான் சொல்லணும், சொல்லிட்டேன்."

"அட, நீ ஒண்ணு. நூத்துக்குத் தொண்ணூறு நாள் நேத்து அளவே போதும். நான் பார்க்காததா?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒண்ணு போச்சே சார். நாப்பத்தொரு பேரு."

அவள் வைத்துக்கொண்ட விதிப்படி ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் தடவை வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

கோதண்டபாணியின் முகம் சற்று வாடியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கணம், பாவி மனுஷன் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

"அது என்னன்னு உனக்குத் தெரியாதும்மா," என்றார் அவர், ரகசியம் சொல்கிற குரலில். "ஊரெல்லாம் அளவு தப்பு, அளவு தப்புன்னு பேசிச்சு. எனக்குத்தான் உண்மை தெரியும். பத்து இருபத்தொன்பதுக்குக் கிளப்புங்கடான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு கிழவி கைப்பையை மறந்துட்டேன்னு இறங்கி ஏறினா. மூணு நிமிஷம். பத்து முப்பத்திரண்டு ஆயிடுச்சு. ராகு காலத்துல சக்கரம் உருண்டுச்சு. அதான் அப்படி ஆச்சு. அன்னைலேர்ந்து நான் ஒரு நிமிஷம்கூட விட்டுக்குடுக்கிறதில்லை."

மங்கையர்க்கரசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினோரு வருஷமும் அவள் ஒன்று நினைத்திருந்தாள். என்னதான் பழியை இன்னொருவன் தலையில் கட்டினாலும், தனியாகப் படுக்கும்போது தன் கையெழுத்து இவர் கண்ணில் உறுத்தும் என்று. உறுத்தவே இல்லை. நாற்பத்தொரு பேரை முழுங்கிவிட்டு, ஒரு கிழவியின் கைப்பைமேல் கணக்கை எழுதிவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார் மனுஷன். அவளுக்குள் இரண்டாம் தடவை எச்சரிக்கச் சொன்ன ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் அணைந்தது.

"கையெழுத்துப் போடுங்க சார்," என்றாள்.

பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அவர் எழுதினார்: 'நேற்றைய அளவுடன் அனுப்பவும்.' அதே வாக்கியம். கீழே அதே கொக்கி.

"உன் பேரு என்னம்மா? நல்ல பொண்ணா இருக்கே. திரும்பி வந்ததும் உனக்கு ஏதாவது செய்யணும்."

"திரும்பி வந்ததும் சொல்றேன் சார். நானே வந்து சொல்றேன்."

அவர் வளையல் பெட்டியை மடியில் வைத்துக் கூட்டுக்குள் உட்கார்ந்தார். பாக்கியநாதன் கதவைப் பூட்டினான். பத்து இருபத்தேழுக்கு, ராகு காலத்துக்கு முழுசாக மூன்று நிமிஷம் மிச்சம் வைத்து, கூடு எழும்பியது. ஏழு நிமிஷம் திரையில் ஒரு புள்ளி ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு புள்ளி இல்லை.

*

பாக்கியநாதன் திரும்பி வந்து கதவருகில் நின்றான்.

"எதுக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டாள்.

"அருளானந்தம்னு ஒரு குமாஸ்தா இருந்தாருல்ல, அளவு எழுதினவரு." அவன் கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். "எங்கண்ணன்க்கா. நாப்பத்தொரு பேரைக் கொன்னவன்னு தெருவுல புள்ளைங்க கல்லெடுத்து அடிச்சிச்சுங்க. குடிச்சே செத்தாரு. சாகுறப்பகூட நான் அளக்கணும்னுதான்டா சொன்னேன், அளக்கணும்னுதான்டா சொன்னேன்னு புலம்பினாரு."

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையேடா."

"நீங்க சொன்னீங்களாக்கா?"

அவன் போய்விட்டான். மங்கையர்க்கரசி டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம், நாரத்தங்காய். காலையில் பிசைந்து அடைக்கும்போது தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தாள். ஒரு பருக்கை விடாமல் தின்றாள். விரலைக்கூட வழித்துச் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்கு இப்படி ஒரு ருசி இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பெற்றவள் அளந்து கொல்வாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

பத்து நாற்பத்தாறுக்கு அவர் இறங்கியிருக்க வேண்டும். பதினொன்றாயிற்று. பதினொன்று பத்துக்கு மேஜை போன் அடித்தது.

"ஹலோ, கிளப்புற அறையா? நான் சுபத்ரா பேசுறேன், சிட்னிலேர்ந்து. கோதண்டபாணியோட பொண்ணு. அப்பா இன்னும் வந்து சேரலை. கிளம்பிட்டாரா இல்லியா?"

மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ஏழு மாதம் அல்லவா. பின்னால் யாரோ மேளக்காரரிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் போன் வரும் என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். என்ன சொல்வது என்றுகூடப் பல வருஷமாகத் தயாராக வைத்திருந்தாள். 'சற்றுத் தாமதம் மேடம்.' அதே வார்த்தையை, அதே தொனியில், ஒன்பது நாள். அந்த இனிப்பை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறாள்.

வாயைத் திறந்தாள். நீல நாற்காலியும், குளிக்காத உடம்பும், ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து நின்றதும்தான் ஞாபகம் வந்தது. அவரை அனுப்பினதுக்கு அவள் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை வாய்த்தால் இன்னொரு தடவையும் அனுப்புவாள். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவளால் முடியவில்லை. அது அவர்கள் வார்த்தை.

"உக்காந்திருக்கியாம்மா?" என்றாள். "உக்காந்துக்கோ. உங்கப்பா பத்து இருபத்தேழுக்குக் கிளம்பிட்டாரு. நேத்து அளவைப் போட்டுக் கிளம்பினாரு."

குறுவழித் தலைவரின் மகளுக்கு நேற்றைய அளவு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"பதினேழு வருஷம், ஒம்பது மாசம், சொச்சம் நாள். நல்லாத்தான் இருப்பாரு. அவருக்கு ஒரு நொடிகூட ஆகாது. தேதியைச் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ. நாளைக்கு வருவாரு நாளான்னைக்கு வருவாருன்னு யாராவது சொன்னா நம்பாதே. அங்க போய் உக்காந்திருக்காதே. வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

"எப்படி நேத்து அளவு போட்டாங்க? யாரு போட்டது?"

பதிவேடு அவள் முன்னால் திறந்தே கிடந்தது. கொக்கி போட்ட கையெழுத்தில் மை இப்போதுதான் காய்ந்திருந்தது. 'உங்கப்பாதாம்மா தன் கையால எழுதிக் குடுத்தாரு' என்று சொன்னால் போதும், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இழுப்பறையில் இருக்கிற துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டால் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. கோதண்டபாணியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

அவள் பதிவேட்டை மூடினாள்.

"உங்கப்பா கையெழுத்துப் போட்டாரு. ஆனா இன்னைக்கு அளவு பத்து மணிக்கே வந்துடுச்சு. என் மேஜைலதான் இருந்துச்சு. நான் குடுக்கலை."

மூச்சு வாங்குகிற சத்தம் நின்றது. மேளக்காரர் எதையோ கேட்டுச் சிரித்தார். பிறகு சுபத்ரா பேசினாள். அந்தக் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. தண்ணீர் வற்றிப்போன பாத்திரத்தைக் கரண்டியால் தட்டின சத்தம் மாதிரி இருந்தது.

"உங்க பேரைச் சொல்லுங்க."

அந்தக் குரலை மங்கையர்க்கரசிக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குரல் எத்தனை வருஷம் காத்திருக்கும், எத்தனை நோட்டு எழுதும், எந்தெந்தக் கதவைத் தட்டி உள்ளே வரும் என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பதினெட்டு வருஷம் கழித்து சிட்னிக் கூடத்தில் செம்மலர் கையைப் பிடிக்க அவள் நிற்கும்போது, பின்னால் யார் நிற்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

"மங்கையர்க்கரசி," என்றாள். "இனிஷியல் அ. எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்," என்றாள் சுபத்ரா.